அயல் மண்ணில் சொந்த வீடு

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகரை நோக்கி வடக்கே செல்லும் ராஜீவ் நெடுஞ்சாலையில், திருமலகிரியைக் கடந்து ஆல்வாலை அடைவதற்கு முன் லோத்குண்டா என்னும் பகுதி வருகிறது. படைத்துறைக்கு உரிய நிலங்கள் அருகே உண்டு. பழைய தனி வீடுகள் உண்டு. அவற்றினிடையே புதிய அடுக்குமாடிகளும் எழுந்து நிற்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. 1798-இல் நிஜாமுக்கும் ஆங்கிலக் கும்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாகக் கும்பெனிப் படைகள் ஹுசேன் சாகர் ஏரியை அடுத்துப் பாளையம் இறங்கின. 1806-இல் அப்பாளையம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்று வழங்கலாயிற்று. சென்னைப் படையின் பிரிவுகள் இங்கு வந்தபோது, சிப்பாய்களோடு கணக்கர்களும் ஒப்பந்தக்காரர்களும் வணிகரும் பணியாட்களும் தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்தனர். பின்னர் இரயில்வேயும், படைத்துறைப் பணிமனைகளும், மத்திய அரசாங்க அலுவலகங்களும், இந்நாளில் கணிப்பொறித் தொழிலும் நம்மவரை இங்கு அழைத்து வந்திருக்கின்றன.

இங்ஙனம் வந்த குடும்பங்களில் என்றேனும் ஒரு நாள் ஒரு கேள்வி எழுகிறது. வேலையில் சேர்ந்தபோது நாலைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் எண்ணம். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படித்தார்கள். பின்னர் இங்கேயே வேலையும் பெற்றார்கள். வாடகை ஆண்டுதோறும் ஏறிற்று. ஓய்வு பெறும் காலமும் நெருங்கிற்று. ஊரிலுள்ள பழைய வீட்டைப் பழுது பார்ப்பதா, இங்கேயே ஒரு வீடு வாங்குவதா? சேமநிதிப் பணம் வாழ்நாளில் ஒருமுறைதான் மொத்தமாகக் கைக்கு வரும். அதைத் தவறான இடத்தில் போட்டுவிட்டால் மறுபடி ஈட்டுவதற்கு வயது இராது. ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தெலுங்கில் லோது என்றால் ஆழம். குண்ட என்றால் குட்டை. ஆகவே லோதுகுண்ட என்பது ஆழமான குட்டை. நம் பழந்தமிழிலும் குண்டு என்னும் சொல் ஆழத்தைக் குறிக்கும். இந்நகரில் நல்லகுண்ட என்று ஒரு பகுதி உண்டு, அது கருங்குட்டை. சிந்தல்குண்ட என்று மற்றொன்று உண்டு; அது புளியமரக் குட்டை. செருவு என்று முடியும் பெயர்கள் ஏரியைக் குறிப்பன. சென்னையில் பழவந்தாங்கல் என்னும் பெயருக்குள் தாங்கல் என்ற நீர்நிலை ஒளிந்திருப்பது போலத்தான் இதுவும். இதனால் லோத்குண்டாவிலுள்ள மனைகளெல்லாம் நீர்நிலையின்மீது அமைந்தவை என்று கொள்ளலாகாது. பெயர் நமக்குத் தருவது கேள்வியை மட்டுமே. அந்தக் குட்டை எங்கே இருந்தது? அதன் கரை எதுவரை சென்றது? நாம் வாங்கக் கருதும் மனை அக்கரைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

சொந்த ஊரில் இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடி எந்த அலுவலகத்துக்கும் செல்ல வேண்டுவதில்லை. எந்த வயல் யாருடையது, எந்த மனை கோயிலுக்கு உரியது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினைத் தகராறு இன்னும் தீரவில்லை, ஐப்பசி மழையில் எந்தத் தெருவில் நீர் நிற்கும் என்பவற்றைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரே சொல்லிவிடுவார். ஊராரின் நினைவே அங்கே முதல் பத்திரம். அயல் மாநிலத்தில் நம்மிடம் பணம் இருக்கலாம். சட்டம் தந்த உரிமையும் இருக்கலாம். அந்த நினைவு மட்டும் இராது. அதை ஏடுகளிலிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிற மாநிலத்தில் வீடு வாங்குவதிலுள்ள கடினத்தின் சாரம் இதுவே.

உரிமையைப் பொறுத்தமட்டில் நமக்குக் குறை இல்லை. நம் முன்னோருக்கு நிலைமை வேறாக இருந்தது. 1948 செப்டம்பரில் இந்தியாவுடன் இணையும்வரை ஹைதராபாத் ஒரு தனி ராஜ்யம். அதற்கு ஹாலி சிக்கா என்னும் சொந்த நாணயம் இருந்தது. சொந்தத் தபால் தலையும் இருந்தது. அந்நாட்டார் முல்கி எனப்பட்டனர். வெளியிலிருந்து வந்தோர் முல்கி அல்லாதார் எனப்பட்டனர். 1919-இல் நிஜாம் பிறப்பித்த ஆணைப்படி அரசாங்க உத்தியோகம் முல்கிகளுக்கே உரியது. வெளியார் அத்தகுதியைப் பெறப் பதினைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்த விதிகள் சுதந்திரத்துக்குப் பின்னும் நெடுநாள் நீடித்து 1973-இல்தான் நீங்கின. அவை உத்தியோகத்தைப் பற்றியவை. எனினும் வந்தவன் வந்தவனே என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதை அவை காட்டும்.

இன்றோ, அரசியலமைப்பின் 19-ஆம் விதி இந்தியக் குடிமகன் எவனும் நாட்டின் எப்பகுதியிலும் தங்கவும் குடியேறவும் உரிமை தருகிறது. சொத்துரிமை 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயினும் சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவருடைய சொத்தைப் பறித்தலாகாது என்று 300அ விதி இன்றும் காக்கிறது. சில பகுதிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இமாசலப் பிரதேசத்தில், அம்மாநிலத்து உழவர் அல்லாதார் நிலம் வாங்க 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி அரசாங்க அனுமதி வேண்டும். நாகாலாந்திலும் மிசோரமிலும் நிலவுரிமைக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. தெலங்கானாவிலேயே பழங்குடியினருக்கென அறிவிக்கப்பட்ட பகுதிகளில், 1959-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் 1970-இல் வந்த அதன் திருத்தமும் பழங்குடியினர் அல்லாதாருக்கு நிலம் கைமாறுவதைத் தடுக்கின்றன. செகந்தராபாத் வட்டாரம் அத்தகைய பகுதி அன்று.

கடல் கடந்த நாடுகளோடு ஒப்பிட்டால் இவ்வுரிமையின் அருமை விளங்கும். சிங்கப்பூரில் அயல்நாட்டார் வீடு வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் விலையில் நூற்றுக்கு அறுபது கூடுதல் முத்திரைத் தீர்வையாகச் செலுத்த வேண்டும். தரையோடு கூடிய தனி வீட்டுக்கு அரசாங்கத்தின் தனி ஒப்புதலும் வேண்டும். இலங்கையில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகளோடு, அயல்நாட்டாருக்கு நிலம் விற்பதைத் தடை செய்தது. பர்மாவின் கதையை நகரத்தார் குடும்பங்கள் மறக்கமாட்டா. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. நாடு விடுதலை பெற்றபின் நில நாட்டுடைமைச் சட்டங்கள் வந்தன. அந்நிலங்கள் கைவிட்டுப் போயின. அயல் நாட்டில் சட்டமே வாயிலை அடைத்துவிடக் கூடும். அயல் மாநிலத்தில் வாயில் திறந்திருக்கிறது; உள்ளே கால் வைக்கும் தரை உறுதியானதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

தரையைப் பார்க்குமுன் அளவையை அறிதல் வேண்டும். தமிழகத்தில் நாம் சென்ட் என்றும் கிரவுண்டு என்றும் கணக்கிட்டுப் பழகியவர்கள். இங்கு மனைக்குக் கஜம் என்பதே வழக்கு. அது சதுர கஜத்தைக் குறிக்கும். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. ஆகவே இருநூறு கஜ மனை என்றால் 1,800 சதுர அடி. நம் கணக்கில் முக்கால் கிரவுண்டு. விளைநிலத்துக்குக் குண்டா என்னும் அளவு வழங்குகிறது. ஒரு குண்டா 121 சதுர கஜம். நாற்பது குண்டா ஓர் ஏக்கர். ஒரு குண்டா நமக்கு இரண்டரை சென்ட். தெலுங்கில் குட்டையைக் குறிக்கும் சொல்லும் இந்த அளவையைக் குறிக்கும் சொல்லும் முதலெழுத்தின் ஒலியால் வேறுபடுவன. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பத்திரத்தைத் தமிழில் குறித்துக்கொள்வோர் இதில் கவனமாக இருத்தல் நலம்.

அடுத்தது மொழி. பத்திரங்கள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மிகப் பழைய வருவாய்த்துறை ஏடுகள் உருது மொழியில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லக் கேட்டபின் கையெழுத்திடுவதே முறை. பழைய ஏடுகளில் பசலி ஆண்டு காணப்படும். தமிழகத்து வருவாய்க் கணக்கிலும் பசலி உண்டாதலின் அது நமக்குப் புதிதன்று. பசலி எண்ணோடு 590 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும்.

நிலம் இருந்த இடத்திலேயே இருந்தாலும் அதன் முகவரி பலமுறை மாறியிருக்கிறது. ஆல்வால் பக்கத்து நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1955-இல் எழுதிய பத்திரத்தில் அது ஹைதராபாத் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பருக்குப் பின் அது ஆந்திரப் பிரதேசத்தின் ஹைதராபாத் மாவட்டம். 1978-இல் ரங்காரெட்டி மாவட்டம் பிரிந்தபின் அம்மாவட்டம். 2014-இல் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. 2016-இல் மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டம் அமைந்தது. நான்கு பத்திரங்களில் நான்கு முகவரிகளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நான்கிலும் சர்வே எண்ணும், பரப்பும், நான்கு எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். பொருந்தாத இடத்தில்தான் வழக்கு பிறக்கும்.

பதிவு செய்த பத்திரம் இருந்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது பிழையான எண்ணம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது; விற்பவருக்கு அந்தச் சொத்தில் பாத்தியதை உண்டு என்று அது உறுதி கூறுவதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில், விற்பவரின் உரிமையை ஆராய்வது அச்சட்டப்படி பதிவாளரின் வேலை அன்று என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரத்திலும் பதிவு முத்திரை விழக்கூடும் என்பது இதனால் விளங்கும். சொத்துவரி ரசீதும் மின்கட்டண ரசீதும் அப்படியே. அவை பணம் செலுத்தியதற்குச் சான்று, உரிமைக்குச் சான்று ஆகா.

ஆகவே இன்றைய பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரம்வரை பின்னோக்கிச் சென்று உரிமை கைமாறிய வரிசையைப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று பெறுமாறு வழக்கறிஞர் கூறுவர். அதற்குக் காரணம் உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி அடமானத்தை மீட்கவும், அரசாங்கம் வழக்கிடவும் முப்பது ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. எனினும் வில்லங்கச் சான்றில் தோன்றுவன பதிவான பத்திரங்கள் மட்டுமே. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் இடம்பெறாமல் போகலாம். மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியவர் நகலைக் காட்டி விற்க முயல்வதும் உண்டு. ஆதலின் மூலப் பத்திரத்தையே கண்ணால் காண்க. வங்கிகளின் அடமானங்களைக் குறிக்க மத்திய அரசாங்கம் 2011-இல் ஏற்படுத்திய மையப் பதிவகத்தில், சிறு கட்டணம் செலுத்தித் தேடியும் பார்க்கலாம்.

விற்பவர் குடும்பத்துப் பெண்மக்களின் பங்கையும் மறக்கலாகாது. மூதாதையர் சொத்தில் பெண்ணுக்கும் ஆணோடு சம பங்கு என்னும் திருத்தத்தை ஆந்திரப் பிரதேசம் 1986-இலும், தமிழ்நாடு 1989-இலும் செய்தன. 2005-இல் அது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. அண்ணன் தம்பியர் மட்டும் கையெழுத்திட்டு விற்ற மூதாதையர் சொத்தில், பல ஆண்டுகள் கழித்துச் சகோதரியின் வழக்கு வந்து நிற்பது புதுமை அன்று.

உரிமை வரிசை சரியாக இருந்தாலும், நிலத்தின் இயல்பு சரியாக இருக்க வேண்டும். இவ்விடத்தில்தான் மீண்டும் குட்டைக்கு வருகிறோம். ஹைதராபாத் வருவாய் ஏடுகளில் ஷிகம் என்றொரு சொல் உண்டு. ஏரி அல்லது குட்டையின் நீர்பிடிப்புக்குள் அமைந்த நிலத்துக்கு அது பெயர். நீர் வற்றிய காலத்தில் அதில் பயிரிட்டுக்கொள்வர். சிலருக்குப் பட்டாவும் இருக்கும். ஆனால் அப்பட்டா உழுவதற்கே. வீடு கட்டுவதற்கு அன்று. நீர்நிலை நிரம்பும்போது நீர் எட்டும் எல்லைக்குள் கட்டடம் கூடாது. 2012-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரியாயின் அவ்வெல்லைக்கு அப்பாலும் 30 மீட்டர், அதனினும் சிறிய ஏரி, குட்டையாயின் 9 மீட்டர் இடம் விட வேண்டும்.

இவ்விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தில் பெய்த பெருமழையில், ஏரிகளையும் அவற்றின் கால்வாய்களையும் ஒட்டி எழுந்த குடியிருப்புகள் பல நாள் நீரில் கிடந்தன. 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரில் நாம் கண்ட காட்சியே அது. நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2024 ஜூலையில் தெலங்கானா அரசாங்கம் ஹைட்ரா எனச் சுருக்கி வழங்கும் பேரிடர் மீட்பு, சொத்துப் பாதுகாப்பு முகமையை அமைத்தது. அதுமுதல் நீர்நிலை எல்லைக்குள் எழுந்த கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. பதிவான பத்திரத்தையும் வங்கிக் கடனையும் காட்டி முறையிட்ட குடும்பங்களும் அவற்றுக்கு உரியோருள் இருந்தன. வீடு இடிந்தபின்னும் கடன் தவணை நிற்பதில்லை. இதனினும் கொடிய நிலை ஒரு குடும்பத்துக்கு வேறு உண்டோ?

இதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. விற்பவரிடமிருந்து சர்வே எண்ணைப் பெறுக. கிராம வரைபடத்தில் அந்த எண் எங்கே அமைகிறது என்று காண்க. ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் ஏரிகளின் முழு நீர்மட்ட எல்லையை வரைபடங்களாக வெளியிட்டு வருகிறது, அவற்றோடு ஒப்பிடுக. ஐயம் இருப்பின் வருவாய்த்துறையையும் பாசனத்துறையையும் எழுத்து மூலமாகக் கேட்டு எழுத்து மூலமாகவே விடை பெறுக. அதன்பின் மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று பார்க்க வேண்டும். கோடைக்காலத்தில் எல்லா மனையும் நல்ல மனையே.

லோத்குண்டா போன்ற இடங்களில் இன்னொன்றும் கருதத் தக்கது. அருகே கண்டோன்மெண்டு இருக்கிறது. கண்டோன்மெண்டு நிலங்களுக்கு என்று தனிப் பொது நிலப் பதிவேடு உண்டு. அதில் பழைய மானியம் என்று குறிக்கப்பட்ட இடங்களில் நிலம் அரசாங்கத்துக்கு உரியது. குடியிருப்பவருக்கு உரியது கட்டடம் மட்டுமே. அரசாங்கம் வேண்டும்போது கட்டடத்துக்கு ஈடு கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். நூறு ஆண்டுகள் ஒரே குடும்பம் வாழ்ந்த பங்களா என்பதால் நிலம் அவர்களுடையது ஆகிவிடாது. படைத்துறை நிலையங்களின் மதிலை ஒட்டிய இடங்களில் கட்டடம் எழுப்பவும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அன்றியும், ராஜீவ் நெடுஞ்சாலைமீது மேம்பாலச் சாலை அமைக்க 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சாலையோரத்துச் சொத்தை வாங்குவோர், அது சாலை விரிவுக்குள் அகப்படுமா என்று கேட்டறிய வேண்டும்.

வேறு சில நிலங்களும் உண்டு. நிலமற்ற ஏழைகளுக்கு அரசாங்கம் வழங்கிய நிலத்தை விற்பதை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கினாலும் அவ்விற்பனை செல்லாது. வக்பு நிலம், கோயில் நிலம், இனாம் ஒழிப்புக்குப் பின் உரிமைச் சான்று பெறாத நிலம் ஆகியவையும் அங்ஙனம் ஆராயத் தக்கவை. பதிவுத்துறை, விற்கத் தடை செய்யப்பட்ட சொத்துகளின் பட்டியலை வைத்திருக்கிறது; சர்வே எண்ணைக் கொண்டு அதைப் பார்த்துவிடலாம். பழைய பஞ்சாயத்து மனைப்பிரிவுகளில் பல முறையான ஒப்புதல் பெறாதவை. அவற்றை ஒழுங்குபடுத்த 2020-இல் ஒரு திட்டம் வந்தது; நாம் வாங்கும் மனைக்கு அதன்படி ஆணை கிடைத்ததா, விண்ணப்பம் மட்டும் கிடக்கிறதா என்பதை வேறுபடுத்திக் காண வேண்டும்.

அடுக்குமாடியில் வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல துணை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டாலோ வீடுகள் எட்டுக்கு மேற்பட்டாலோ, கட்டுவோர் மாநில ஆணையத்தில் பதிவு செய்த பின்னரே விற்கலாம். வாங்குவோர் தரும் பணத்தில் நூற்றுக்கு எழுபது தனிக் கணக்கில் இருந்து அக்கட்டடத்துக்கே செலவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்தில் ஒன்றுக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். நாம் பார்க்க வேண்டுவன சுவருக்குள் நடமாடும் பரப்பும், நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பங்கும், குடிபுகு சான்றும் ஆகும். கட்டடம் முதுமை அடையும். நிலத்தின் பங்கே எஞ்சும்.

பணத்தின் கணக்கும் தெளிவாக இருக்க வேண்டும். 2021-இல் திருத்திய விகிதப்படி தெலங்கானாவில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு ஏழரை. விகிதம் மாறக்கூடியது, பதிவின் முன் கேட்டறிக. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம்வரை விலையில் நூற்றுக்குத் தொண்ணூறும், 75 லட்சம்வரை எண்பதும், அதற்கு மேல் எழுபத்தைந்தும் மிகாது. மீதியும் பதிவுச் செலவும் நம் கையிலிருந்தே வர வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்று நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. அவர் காப்பது வங்கியின் பணத்தை. நமக்கெனத் தனி வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். அதற்கு ஆகும் செலவு, நாம் எதிர்கொள்ளும் இழப்பின் முன் மிகச் சிறிது.

பத்திரச் செலவைக் குறைப்பதற்காக, பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறோம், அதுவே விற்பனைக்குச் சமம் என்று கூறுவோர் உண்டு. 2011-இல் உச்சநீதிமன்றம் அத்தகைய ஏற்பாட்டால் உரிமை மாறாது என்று தெளிவாகத் தீர்த்துவிட்டது. அக்ரிமென்டு என்பது விற்கத் தரும் வாக்கு; கிரயப் பத்திரம் பதிவானால்தான் விற்பனை. நம் மொழி பேசுகிறார், நம் மாவட்டத்தார் என்ற காரணத்துக்காக ஒருவரை நம்பி ரொக்கத்தைக் கையில் கொடுப்பது, வெளியூரில் நாம் செய்யும் பிழைகளுள் பெரியது. தமிழில் பேசினால் மனம் நெகிழும். பத்திரம் நெகிழக் கூடாது.

வாங்கியபின் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஓய்வுக் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரில் தங்கிவிடுவோர் பலர். உரியவர் விட்டுவிட்ட சொத்தை மற்றொருவர் தமதென்று வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அநுபவித்துவிட்டால், உரியவர் வழக்கிடும் உரிமையே மறைந்துபோகும். ஆதலின் வரியைத் தவறாது செலுத்துக. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் வந்து பார்க்க. காலி மனையாயின் வேலியிடுக. ஊரிலிருந்தபடியே விற்கவோ பதியவோ வேறொருவருக்கு அதிகாரம் தருவதாயின், நாம் வசிக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன்னிலையில் அப்பத்திரத்தை எழுதி அத்தாட்சி பெற வேண்டும். அதில் குறித்த செயலுக்கு மட்டும் அதிகாரம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், வாடகை வீடே மேல் என்று சிலருக்குத் தோன்றலாம். சிலர் திறத்தில் அதுவும் சரியான முடிவே. ஆனால் இங்கேயே வேர் ஊன்ற விரும்பும் குடும்பத்துக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. வாங்கும் முன் மூன்று மாதம் பொறுப்பதும், அந்தத் தெருவில் பலமுறை நடப்பதும், பழைய குடியிருப்பாளரோடு தெலுங்கில் நாலு வார்த்தை பேசுவதும் அதற்கு வேண்டும். இந்த மனை முன்பு என்னவாக இருந்தது என்று ஒரு முதியவரைக் கேட்டால், அவர் சில வேளை எந்த ஏட்டிலும் இல்லாத செய்தியைச் சொல்லிவிடுவார். அவர் சொன்னதை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் பொருந்தினால், பணத்தைக் கட்டலாம். அம்முதியவரே நாளை நம் அண்டை வீட்டாராகவும் ஆகலாம். அவருடைய நினைவில் நம் வீடும் ஒன்றாகச் சேரும்போது, அந்த மண் நமக்கு அயல் மண் ஆகாது.